புள்ளியை எண்ணாதீங்க!

தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்துக்குப் போறீங்கன்னு வச்சுக்குவோம். இலை மேல ஆரஞ்சு நிறத்துல, கறுப்புக் குறிகளோட ரெண்டு வண்டு. ஒண்ணு செடியைக் காப்பாத்துது, இன்னொண்ணு செடியையே தின்னுது. எது எதுன்னு பார்க்காம மருந்தடிச்சா காவல்காரனும் சேர்ந்து சாவான்.

இரண்டுமே காக்சினெல்லிடே குடும்பம்தான். முதலாவது, அசுவினியைத் தின்னும் ஆறுபுள்ளிப் பொறிவண்டு: சைலோமினிஸ் செக்ஸ்மாகுலேட்டா. இரண்டாவது, எபிலாக்னா வண்டு: ஹெனோசெபிலாக்னா விஜின்டியோக்டோபங்டேட்டா. அந்த நீளப் பெயருக்கு '28 புள்ளி கொண்டது' என்றுதான் பொருள்.

அப்போ எண்ணிப் பார்த்தா போதாதா? போதாது. ஆறுபுள்ளி வண்டின் முதுகில் பளிச்சென்று தெரிவது புள்ளிகள் அல்ல, நெளிந்த கறுப்புக் கோடுகள். எபிலாக்னா இனங்களிலும் புள்ளிகள் கூடும், குறையும். நம்ம பாஷையில் சொன்னா, புள்ளி எண்ணிக்கை நம்ப முடியாத இன்புட். அதுக்குப் பதிலா இந்த மூன்றையும் பாருங்க:

1. முதுகு: வழவழவென்று பளபளத்தால் ஆறுபுள்ளி. மங்கலாக, நுண்ணிய ரோமத்தோடு இருந்தால் எபிலாக்னா. மொபைல் கேமராவில் ஜூம் பண்ணினாலே ஓரளவு தெரியும்.

2. இலை: பச்சையம் சுரண்டப்பட்டு, நரம்பு மட்டும் மிஞ்சி சல்லடையாக நின்றால் அது எபிலாக்னாவின் வேலை. பொறிவண்டு இருக்கும் இலையில் அசுவினிக் கூட்டம் இருக்கும்.

3. புழு: கருநிறத்தில், குட்டி முதலை மாதிரி ஓடினால் நண்பன். மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு இருந்தால் எபிலாக்னா.

இன்னொரு பொறிவண்டுகிட்ட மட்டும் கவனமா இருங்க. 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலீமஸ், மாவுப்பூச்சியைத் தின்னும். ஆனா அதன் புழுவே வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சி மாதிரிதான் இருக்கும். அவசரப்பட்டு நசுக்கிடாதீங்க. மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒட்டிய இடத்திலேயே கிடக்கும்; இந்தப் புழு அதைவிடப் பெரிசு, இரை தேடி நடமாடும்.

நேரில் பார்க்கணுமா? லாலி ரோட்டில், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் 2018-லிருந்து இருக்கு. பார்த்துட்டு, ஊருக்குப் போகும்போது தோட்டத்துல மருந்தடிக்கும் முன்னாடி இந்த மூன்றையும் ஒரு தடவை சரிபாருங்க.