சொல்லின் நிலமும் பொழுதும்

தெரியாத சொல் நம்மை ஏமாற்றுவதில்லை. அகராதியைத் தேடச் செய்கிறது. ஏமாற்றுவது தெரிந்த சொல்லே. வடபுலத்தில் பயிலும் நம் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இந்தியில் ‘அவசர்’ என்றால் வாய்ப்பு. நம் அவசரமோ விரைவு. அவர்கள் ‘சம்சார்’ உலகம். நமக்கோ அது மனைவி! ‘சேஷ்டா’ அங்கே முயற்சி. இங்கே சேஷ்டை செய்யும் பிள்ளைக்கு அடி விழும்.

நடுவண் அரசின் கல்வி அமைச்சகம் 1985இல் வேறு பெயர் பெற்றது. 2020இல் ‘சிக்ஷா மந்த்ராலய’ என்னும் பழம்பெயருக்கே திரும்பியது. சிட்சை என்றால் தண்டனை என்றே பழகிய தமிழ்ச் செவி சற்றுத் திடுக்கிடத்தான் செய்யும். வடமொழியில் அச்சொல்லுக்குக் கல்வி என்பதே பொருள். கற்பிப்பவர் திருத்துகிறார், திருத்துபவர் ஒறுக்கவும் செய்கிறார், இவ்வழியே பொருள் நகர்ந்திருத்தல் கூடும். ஆயினும் நம் இசைவாணர் ‘சங்கீத சிட்சை’ என்னும்போது பழம்பொருளே நிற்கிறது. ஆகவே, இடம் என்பது நாடு மட்டுமன்று. ஒரு தொழிலாரின் வட்டமும் ஓர் இடமே.

காலமும் இவ்வாறே செய்கிறது. மலரின் மணத்தைப் பழம்புலவர் நாற்றம் என்றே கூறினர். வள்ளுவர் ஐம்புலன்களை எண்ணுமிடத்தும் நாற்றம் மூக்கறியும் பொருளே. இழிவு அதில் இல்லை. இன்றைய பொருளை ஏற்றிப் படித்தால் பாட்டு முழுவதும் கெடும். இன்னும் பெரிய இடர் ‘கிழவன்’ என்னும் சொல்லில் உண்டு. அகப்பொருளில் காதல் தலைவனைக் குறிக்க வரும் இச்சொல்லைக் கண்டு, நரைத்த முதியவரை எண்ணி நகைப்பார் உளர். அங்கே கிழவன் உரியவன், கிழத்தி உரியவள், கிழமை உரிமை.

அகப்பாட்டிற்கு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். அது பாட்டிற்கு வகுத்த முறை; சொற்பொருள் ஆய்விற்கு அவர் நேரே கூறியதன்று. சொல்லதிகாரத்திலோ, பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்கிறார். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. இந்தச் சார்பினையே சற்று விரித்து, எக்காலத்துச் சொல், எவ்விடத்து வழக்கு என்றும் நாம் வினவுதல் வேண்டும். அதற்கு அகராதி மட்டும் போதாது; அக்காலத்துப் பிற பாட்டுக்களில் அச்சொல் வருமிடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சில வேளை அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. கிழமையின் பழம்பொருள் விடுதிச் சுவரின் நாட்காட்டியிலேயே இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கு உரிய நாள்.