தூக்கத்துக்கும் வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம்?

தேர்வு நேரத்தில் "படுத்தா தூக்கமே வரமாட்டேங்குது" என்று புலம்பாதவர் நம்மில் உண்டா? கவலை மட்டுமல்ல, ராத்திரி வெளிச்சமும் அதற்கு ஒரு காரணம்.

மூளைக்குள் பீனியல் என்றொரு சிறு சுரப்பி. இருட்டினால் அது மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து, 'ராத்திரி ஆயிடுச்சு' என்று உடம்புக்குச் சேதி சொல்லும். 1958-ல் இதைப் பிரித்தெடுத்தவர்கள் அமெரிக்காவின் ஆரன் லெர்னர் குழுவினர். கண்ணில் பலத்த வெளிச்சம் பட்டால் மனிதருக்கு இந்தச் சுரப்பு தடைபடும் என்பது 1980-ல் தெளிவானது. செல்போனிலும் எல்.இ.டி. விளக்கிலும் உள்ள நீல ஒளி இன்னும் அதிகமாகத் தடுக்கும்.

நம் மலைக்குப் பக்கத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் குழுவினர், கடிகாரமும் வெயிலும் தெரியாத தனி இடத்தில் ஆட்களைத் தங்கவைத்து ஆராய்ந்தனர். அங்கும் தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. 24 மணிக் கணக்கு மட்டும் தவறியது. ஆக, உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதைத் தினமும் சரிசெய்வது வெளிச்சமே.

மேல்மலையில் எங்க அப்பா அம்மா எட்டரைக்கு விளக்கை அணைச்சிட்டுப் படுத்து, விடியலில் பூண்டுக் காட்டுக்குப் போறவங்க. படுத்ததும் தூக்கம்! நம் விடுதியிலோ நடுராத்திரியிலும் டியூப்லைட். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அரியர் விழுந்தால் தாங்காது. அதனால் ஒன்பது மணிக்கே செல்போனை மூடிவிட்டு, காலை வெளிச்சத்தில் படிக்கிறேன். நீங்களும் செய்து பாருங்களேன்!