பதினேழு டேக்

போன பொங்கல் லீவுல, எங்க ஊர் ராஜகுளத்துல நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு காமெடி குறும்படம் எடுத்தோம். கேமரா என் மொபைல். லைட் சூரியன். ஹீரோ வசனத்தை முடிக்கிறதுக்குள்ள சிரிச்சிடுவான். "பரவால்ல மச்சி, இன்னொரு டேக்"னு சொல்லிச் சொல்லியே ஒரு நிமிஷ சீனுக்கு 17 டேக் போச்சு. செலவு? டீயும் பஜ்ஜியும்தான்.

இதையே ஃபிலிமில் எடுத்திருந்தால்? சின்னக் கணக்கு. 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அப்படின்னா நிமிடத்துக்கு 90 அடி. எங்கள் 17 டேக்குக்கு 1530 அடி, அதாவது 400 அடி ரோல் நாலு! கழுவுற செலவு தனி. அதனால்தான் அப்போதெல்லாம் நல்லா ஒத்திகை பார்த்துட்டுத்தான் கேமராவை ஓட விடுவாங்க.

டிஜிட்டல் இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. 2005-இல் கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' டிஜிட்டலில் எடுக்கப்பட்டது. 2008-இல் வந்த கேனான் 5டி மார்க் 2, போட்டோ கேமராவிலேயே முழு ஹெச்.டி. வீடியோ கொடுத்தது. அடுத்த சில வருடங்களில் குறும்படமே விசிட்டிங் கார்டு ஆனது. கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ் 2012-இல் 'பீட்சா' எடுத்தார். நலன் குமரசாமி 2013-இல் 'சூது கவ்வும்' எடுத்தார். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படம் 2012-இல் முழுநீளப் படமாகவே வந்தது.

டிவி காமெடியும் அப்படித்தான். விஜய் டிவியின் 'லொள்ளு சபா' காலத்தில் சினிமாவைக் கலாய்க்கக்கூட ஒரு சேனல் வேணும். இப்போ கோபி, சுதாகரோட 'பரிதாபங்கள்' யூடியூப்லயே ஓடுது.

சரி, எங்க படம் என்னாச்சு? காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல போட்டோம். அந்த 17 டேக் சீனுக்கு ஒருத்தர்கூட சிரிக்கல. ரூமுக்கு வந்து எல்லா டேக்கையும் திரும்பப் பார்த்தப்பதான் புரிஞ்சது. அஞ்சாவது டேக்குக்கு அப்புறம் எங்களுக்கே ஜோக் சலிச்சுப் போச்சு. யார் முகத்திலயும் உயிர் இல்ல. டேக் சும்மா கிடைக்குதுன்னு ஒத்திகையை விட்டுட்டோம்.

மறுபடி ஊருக்குப் போனோம். சனிக்கிழமை முழுக்க மொபைலைத் தொடாம ஒத்திகை. ஞாயிறு காலையில மூணே டேக். முதல் தடவை "என்னடா பேசுறான் இவன்?"னு கேட்ட எங்க பாட்டி, இந்தத் தடவை வாய்விட்டு சிரிச்சாங்க.

நீங்களும் எடுங்க. ஆனா முதல்ல ஒத்திகை, அப்புறம் ரெக்கார்ட் பட்டன்.