நீர்வழியும் நெடுந்தூணும்

சென்னை மாநகரிற் ‘பறக்கும் இரயில்’ என வழங்கும் வண்டியில் ஏறிய பழைய மாணவர் நம்முட் பலர் இருப்பர். கடற்கரை நிலையத்திற் புறப்படும் அவ்வண்டி சிறிது தூரம் தரைமேலோடிப் பின்னர்த் தூண்களின்மேல் ஏறுகின்றது. சாளரத்தின் வழியே கீழ்நோக்குவார்க்குப் பெரும்பாலும் தெரிவது வீதியன்று. கரிய நீர் தேங்கிய ஒரு கால்வாயேயாம். வீதிகளில் நெரிசல் தீர்க்க எழுந்த பாதை கால்வாயின்மேற் சென்றது ஏன் என்பதே ஈண்டு ஆராயப்படும்.

அது பக்கிங்காம் கால்வாய். நகரினுள்ளே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி, 1877-78இல், தாது வருடப் பஞ்சத்தால் வாடிய மக்களுக்குக் கூலி கொடுத்து வெட்டுவிக்கப்பட்டது. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் நெடுங்காலம் அதன்வழிச் சென்றன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின்னர்த் தோணிப் போக்குவரவு நலிந்தது. நகரினூடே இரயிற் பாதைக்கு நிலம் தேடியோர் கண்ணில், உரிமை கோருவாரின்றிக் கிடந்த வெற்றிடமாக அது தோன்றியதில் வியப்பில்லை. வீடுகளை இடிக்க வேண்டியது மிகச் சிறிதே. நட்டஈட்டுச் செலவும் அவ்வாறே. பாதை 1995இற் சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் திறக்கப்பட்டது.

ஆயினும் கால்வாய்க்குத் தோணி விடுதலன்றி வேறொரு தொழிலும் உண்டு. மேடுபள்ளம் குறைந்த அந்நகரின் மழைநீரை ஆறுகளுக்கும் கடலுக்கும் கொண்டு செல்வது அது. நீரின் நடுவே தூண்களும் நிலையங்களும் நின்றமையால் அதன் அகலம் ஒடுங்கிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குக் காரணங்கள் பல. அவ்வெள்ளம் முழுவதையும் இத்தூண்களின்மேற் சுமத்துதல் நியாயமன்று. எனினும் ஒடுங்கிய வாய்க்கால் பழைய அளவு நீரைக் கொள்ளாதென்பதை அறியப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை.

இனி, மலிவாகக் கிடைத்த நிலம் பிரயாணிகளுக்கும் உகந்ததாயிற்றோ எனின், அதுவும் இல்லை. கடைகளும் காரியாலயங்களும் வீதியை நோக்கியுள்ளன. கால்வாயோ வீடுகளின் கொல்லைப்புறம். சந்துகளினூடே நடந்து, உயர்ந்த படிகளேறி, பரந்த மண்டபங்களைக் கடந்தே வண்டியை அடைதல் வேண்டும். பஸ் நிற்கும் இடமும் பலவிடத்து அருகிலில்லை. ஆதலின் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ இரயிலை அமைத்தோர் பெருஞ்செலவை ஏற்று, மக்கள் நெருங்கிய அண்ணா சாலையின் அடியிலேயே சுரங்கம் குடைந்தனர்.

மேம்பாலச் சாலைக்கும் இக்கதையே நேர்ந்தது. துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் உயர்த்திய சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கூவத்தினுள்ளே தூண்கள் எழுகின்றனவென்று 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்திற்று. பாதியில் நின்ற தூண்கள் பல்லாண்டு ஆற்றில் நின்றன. ஈரடுக்குச் சாலையாக மாற்றிய திட்டத்துக்கு 2022இல் மீண்டும் அடிக்கல்!

யாழ்ப்பாணத்துக்கு உயர்த்திய பாதை இப்போது வேண்டியதில்லை. ஆயினும் கஸ்தூரியார் வீதியில் மாலைவேளை நடப்பார்க்கு நெரிசல் இன்னதென்று கூறவேண்டுமோ? வீதியை அகட்ட நிலமின்றித் தவிப்போர் கண்ணிற் குளக்கரைகளும் வாய்க்கால்களும் வெற்றிடமாகத் தோன்றுதல் இயல்பு. வற்றாத ஆறொன்றும் இல்லாத நாடு நம்முடையது. மாரியில் மட்டும் ஓடுவது வழுக்கையாறு. ஆரியகுளமும் புல்லுக்குளமும் தாங்கும் மழைநீர் சுண்ணக்கல்லினூடே ஊறி நம் கிணறுகளைச் சேர்கின்றது. அங்ஙனம் சேரும் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது.

நெரிசலைக் குறைக்கக் கையிலுள்ள வழிகளையும் நாம் முற்றும் பயன்படுத்தவில்லை. 1990இல் நின்ற புகையிரதம் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இற் காங்கேசன்துறைக்கும் மீண்டது. வண்டியிலிருந்து இறங்குவோர் பொதிகளுடன் பஸ் நிலையம் வரை வெயிலில் நடக்கின்றனர், அல்லது முச்சக்கரவண்டிக்குக் கூலி கொடுக்கின்றனர். நிழல் மரங்களோடு கூடிய நல்ல நடைபாதை ஒன்றும், புகையிரதம் வரும் நேரத்துக்கு இசைந்த பஸ் நேர அட்டவணை ஒன்றும் அமைக்கத் தூண் ஒன்றேனும் நாட்ட வேண்டியதில்லை.