பட்டம் மாறினால் பயிர் என்ன செய்யும்?

முன்னுரை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் முன்னோர் வாக்கு. மழை வரும் மாதம் அறிந்து விதைத்தவர்கள் அவர்கள். இன்று அந்தப் பட்டமே தடுமாறுகிறது. நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிப்பதால் சேரும் கரியமில வாயு, பூமியின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது. பெய்யாதபோது நிலம் விரைவில் காய்ந்து விடுகிறது.

காவிரிப் படுகையின் துயரம்

குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது வழக்கம். மழைக் குறைவாலும் நதிநீர்ப் பூசலாலும் 2016-இல் செப்டம்பர் 20-ஆம் நாள்தான் திறந்தார்கள். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையும் 62 விழுக்காடு குறைந்தது. சம்பாப் பயிர் கருகியது. 2021 ஜனவரியிலோ, அறுவடைக்குக் காத்திருந்த நெல் பருவம் தவறிய மழையில் சாய்ந்து முளைவிட்டது. காய்ந்தும் கெடுத்தது, பெய்தும் கெடுத்தது! ஒவ்வோர் இடருக்கும் பருவநிலை மாற்றமே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆனால் வறட்சியும் பெருமழையும் மேலும் கடுமையாகும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள்.

செய்யத்தக்கவை

1. விதை: ஒடிசா மாநிலத்தின் பழைய நெல் ஒன்றிலிருந்து வெள்ளம் தாங்கும் பண்பை எடுத்து, 'சி.ஆர். 1009 சப்-1' என்னும் இரகத்தை உருவாக்கினார்கள். இதன் இளம்பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைக்கும். முற்றிய கதிரை இது காக்காது.

2. நீர்: எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், 'நீர் மறைய நீர் கட்டுதல்' முறையைப் பின்பற்றலாம். பண்ணைக் குட்டைகள் வெட்டி மழைநீரைச் சேமிக்கலாம்.

3. காலம்: அணைத் தண்ணீருக்குக் காத்திராமல் புழுதியில் நேரடியாக விதைக்கலாம். சம்பா அறுவடைக்குப் பின் எஞ்சும் ஈரத்தில் உளுந்தும் பயறும் விளைவிக்கலாம்.

மறக்கக் கூடாதவர்கள்

நேரடி விதைப்பில் தண்ணீர் மிச்சமாகும்; ஆனால் நாற்று நடும் பெண்களின் கூலி போய்விடும். பயிருக்குக் காப்பீடு உண்டு. அவர்கள் இழந்த கூலிக்கு அது ஈடு தராது. தோழியரே, மாற்றுத் தொழிலும் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைத்தால்தான் எந்தத் திட்டமும் நியாயமாகும்.

முடிவுரை

ஒருவர் தம் வயலோரத்து வாய்க்காலை மட்டும் தூர் வாரினால் வெள்ளம் வடியாது. கீழ்மடை அடைத்திருந்தால் மேல்மடை வயலும் மூழ்கும். விதை தனியொருவர் வாங்கலாம். வாய்க்காலும் ஏரியும் ஊருக்குப் பொது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி