கதவோர மானிட்டரும் கால் மில்லிமீட்டரும்

பேசின் பிரிட்ஜைச் சுற்றி ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வடசென்னை இன்றும் அழைக்கும் ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை, நடுநடுவே தனியார் நர்சிங் ஹோம்கள். ஆனால் ஐடிஐயில் ஏசி மெக்கானிக் முடித்த இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டு ஏசிக்கு கேஸ் நிரப்புவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக் காற்று என்று தனி வேலை ஒன்று இருக்கிறது. அதில் நுழைய நல்ல வழி, அறைக் கதவோரம் சுவரில் பதித்திருக்கும் சின்ன மானிட்டர். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் காட்டும். எல்லை தாண்டினால் கத்தும். அந்த எல்லையைச் சரியாக வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

மெனுவைத் திறக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த அறை யாரைக் காக்க வேண்டும்? ஆபரேஷன் தியேட்டர் உள்ளே படுத்திருப்பவரைக் காக்கிறது; காற்று உள்ளிருந்து வெளியே போக வேண்டும். காசநோயாளியின் ஐசொலேஷன் அறை வெளியே நடமாடுகிறவர்களைக் காக்கிறது. காற்று காரிடாரிலிருந்து உள்ளே போக வேண்டும். ப்ரொஃபைல் என்பது இந்தப் பதிலை எண்களில் எழுதி வைப்பதுதான். தியேட்டருக்கு, மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். சொல்வது 21 டிகிரி, கூடக்குறைய 3. ஈரப்பதம் 20 முதல் 60 சதவீதம். பக்கத்து இடத்தைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் கூடுதல் அழுத்தம். ஐசொலேஷன் அறைக்கும் அதே 2.5தான், மைனஸில். தண்ணீர் மட்டத்தில் கணக்கிட்டால் அது கால் மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய வித்தியாசத்தை நம்பித்தான் ஒரு வார்டே மூச்சு விடுகிறது.

என் முதல் வருடத்தில், ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசொலேஷன் அறையில், மானிட்டருக்கு அழுத்தம் கொண்டுவரும் அறை டியூபையும் காரிடார் டியூபையும் மாற்றிச் செருகிவிட்டேன். திரையில் மைனஸ் 6 என்று பச்சையில் நின்றது. மறுநாள் சீனியர் ஒருவர் கதவின் அடிச்சந்தில் ஊதுபத்தியைப் பிடித்தார். புகை வெளியே வந்தது. அறைக்கு இன்னும் நோயாளி வரவில்லை என்பதால் தப்பித்தோம். அன்றுமுதல் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்க்காமல் எந்த ப்ரொஃபைலையும் நான் சேமித்ததில்லை. ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்பு கூடவே கூடாது. அங்கே கதவுச் சந்தில் மெல்லிய டிஷ்யூ தாளின் நுனி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும்.

அடுத்தது அலாரம் லிமிட். 2.5 கடைசி எல்லை. அறை தினமும் அதை உரசிக்கொண்டு ஓடக் கூடாது. ஒரு வாரப் பதிவை எடுத்துப் பாருங்கள். அறை வழக்கமாக மைனஸ் 8இல் ஓடினால், மைனஸ் 4இல் மஞ்சள் எச்சரிக்கையும் மைனஸ் 2.5இல் சிவப்பு அலாரமும் வைக்கலாம். நம் பக்கத்துத் தூசியில் ஃபில்டர் மெல்ல மெல்ல அடைத்துக்கொள்ளும். சிவப்பு வருவதற்கு முன்பே மஞ்சள் அதைச் சொல்லிவிடும்.

எல்லையில் நேரமும் ஒரு பாதி. தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியில் வைக்கும் 30 நாள் பதிவுக் கருவியைப் பாருங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் தரப்படி, 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் போனால்தான் அது அலாரம் காட்டும்; மைனஸ் 0.5க்குக் கீழே என்றால் 60 நிமிடம் போதும். உறைந்தால் கெடும் தடுப்பூசிக்குச் சூட்டைவிடக் குளிர் சீக்கிரம் எமனாகும், அதனால்தான். கதவும் அப்படித்தான். ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூட எத்தனை வினாடி ஆகிறது என்று போனில் அளந்து, அதற்குக் கொஞ்சம் மேலே தாமதம் கொடுங்கள். ஜெனரேட்டர் மாறும்போது காற்றாடி மறுபடி வேகம் பிடிக்கும் நேரத்தையும் அளந்து பாருங்கள்.

இதைச் செய்யாத இடத்தில் என்ன நடக்கும்? ஒரு வார்டில் பஸ்ஸர் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நர்ஸ்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் கத்துவதை எத்தனை நாள் பொறுப்பார்கள்? அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2013இல் மருத்துவக் கருவி அலாரங்கள் பற்றி எச்சரித்தபோது, மூன்றரை ஆண்டுகளில் தன்னிடம் பதிவான 98 சம்பவங்களில் 80 மரணங்களைக் குறிப்பிட்டது. தேவையில்லாமல் அடித்து அடித்துக் காது மரத்துப்போவதை அது முக்கியக் காரணமாகச் சொன்னது.

ஐப்பசி, கார்த்திகையில் உங்களுக்குச் சோதனை வரும். கடல் பக்கம், அடைமழை. தியேட்டர் ஈரப்பதம் 60ஐத் தாண்டி அலாரம் அடிக்கும். 'லிமிட்டை 70 ஆக்கிவிடு தம்பி' என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். கூலிங் காயிலையும் ரீஹீட்டரையும் பாருங்கள், வெளிக்காற்று எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். லிமிட்டை மாற்றுவது தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் முடிவு. மாற்றினால் பழைய எண், புதிய எண், காரணம், தேதி, கையெழுத்து எல்லாம் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். பாஸ்வேர்டை மானிட்டர் மேலேயே எழுதி ஒட்டும் பழக்கத்தையும் விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், கதவைத் திறந்து பிடித்து அலாரத்தை அடிக்கவிடுங்கள். இதை இரவு ஷிப்டில் செய்யுங்கள். பிறகு டியூட்டியில் இருப்பவரிடம் கேளுங்கள்: "சிஸ்டர், இது அடிச்சா யாருக்கு போன் பண்ணுவீங்க?" அவர் யோசித்தால், அந்த நம்பரைப் பெரிய எழுத்தில் மானிட்டருக்குக் கீழே ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.