மலைநாட்டுக் குளங்களில் அரிதாக வரும் நீர்ப்பறவைகளை இனங்காணுதல்

மலைநாட்டின் பெரிய நீர்நிலைகள் பெரும்பாலும் மனிதரால் ஆக்கப்பட்டவையே. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873ஆம் ஆண்டில், தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. ஹட்டனுக்கு அண்மையிலுள்ள காசல்ரீ, மஸ்கெலியாவின் மவுசாக்கலை ஆகிய நீர்த்தேக்கங்கள் 1960களிலும், கொத்மலை 1980களிலும் மின்சார உற்பத்திக்காக எழுந்தன. இவற்றின் கரைகள் பல இடங்களிற் செங்குத்தானவை, நீரும் ஆழமானது. காட்டுத் தாராக்களோ தலையைக் கவிழ்த்து எட்டக்கூடிய சேற்று நீரையும் நீர்ப்பூண்டையும் நாடுவன. ஆகையால் ஆண்டுதோறும் வடதிசையிலிருந்து வரும் தாராக்கூட்டங்கள் மன்னார், யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டை முதலிய தாழ்நிலப் பகுதிகளிலேயே தங்குகின்றன. மலைக்குளத்தில் ஒரு காட்டுத்தாரா இறங்குமாயின் அது குறித்து வைக்கத்தக்க செய்தியாகும்.

அதனைக் காணும் வாய்ப்பு கமக்காரருக்கே மிகுதி. விடியுமுன் வாய்க்காலைத் திறக்கச் செல்பவரும், லீக்ஸ் பாத்திக்கு நீர் இறைப்பவரும் அவரே. கிரகரி வாவியில் படகுகள் ஓடத் தொடங்கிய பின்னர் போய்ப் பறவை பார்க்க நினைப்பது வீண் வேலை.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். மலைக்குளங்களில் “சின்னத் தாரா” என்று பலர் காட்டுவது பெரும்பாலும் முக்குளிப்பானே. அதன் நீளம் ஓரடிக்கும் குறைவு. வால் இல்லையென்றே கூறலாம். அலகு தட்டையாக இராது, கூராக இருக்கும். இனவிருத்திக் காலத்தில் கழுத்துச் செங்காவி நிறமடையும். வாயோரத்தில் வெளிர்மஞ்சட் பொட்டொன்று தெரியும். ஆள் அரவங் கேட்டவுடன் பறவாமல் நீருள் மூழ்கி, எதிர்பாராத வேறோரிடத்தில் எழும். இங்கு வரக்கூடிய காட்டுத்தாராக்களோ அஞ்சினால் மூழ்குவதில்லை. நீரை விட்டு எழுந்து பறக்கும். மற்றொரு மயக்கம் வளர்ப்புத் தாராவினால் உண்டாவது. கனத்த உடல், மேல்நோக்கிச் சுருண்ட வாலிறகு, அல்லது முகத்திற் செந்நிறச் சதைக்கட்டி காணப்படின் அது எவரோ ஒருவர் வீட்டுப் பறவை.

இவ்விரண்டும் அல்லவெனத் தெரிந்தபின் அலகு, சிறகு, வால் என்ற ஒழுங்கிற் பார்த்தல் நன்று. பருமனை மட்டும் நம்பலாகாது; பனிமூட்டத்தில் எப்பறவையும் பெரிதாகவே தோன்றும்.

இலங்கைக்கு வரும் தாராக்களில் எண்ணிக்கையில் மிகுந்தவற்றுள் ஒன்று நீலச்சிறகி. ஆணின் கண்ணுக்கு மேலிருந்து பிடரிவரை அகன்ற வெள்ளைக் கோடு வளைந்து செல்லும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். மழைக்காலத் தொடக்கத்தில் வந்திறங்கும் ஆண் பறவைகள் அக்கோட்டை இழந்து பெட்டையைப் போன்றே மண்நிறமாக இருக்கும். மாரி முதிர்ந்த பின்னரே சோடனை திரும்பும். ஆதலின் அப்பருவத்தில் முகத்தைவிடச் சிறகைக் கவனித்தல் வேண்டும். பறக்கும்போது ஆணின் முன்சிறகு வெளிர்நீலச் சாம்பல் நிறமாகத் தெரியும். பெட்டைக்கு முகத்தில் கருமையும் வெண்மையுமாகக் கோடுகள் உண்டு.

ஊசிவால் தாராவை நீண்ட மெல்லிய கழுத்தும் கூரிய வாலும், தட்டைவாயனைக் கரண்டிபோல் விரிந்த அலகும் காட்டிக்கொடுக்கும். புள்ளிமூக்குத் தாராவின் கறுத்த அலகு நுனியில் மஞ்சளாயிருக்கும்.

சீழ்க்கைத் தாரா இந்நாட்டிலேயே வாழ்வது. செம்பழுப்பு நிறமும் நெடிய காலும் உடையது, பறந்துகொண்டே சீழ்க்கையடிக்கும். அதனை ஒத்த, ஆனால் சற்றுப் பெரிய வேறோரினம் இந்நாட்டிற் காணப்படுவது மிக அரிது. வாலடி செம்பழுப்பாயின் வழக்கமான இனம். அங்கு வெண்ணிறப் பிறை தெரியின் அரிய இனம்.

வயலிலும் ஈரப்புற்றரையிலும் காலடியில் எழுந்து கோணல்மாணலாகப் பறக்கும் ஊசிவால் உள்ளான் மலைநாட்டிற்கு ஒழுங்காக வருவது. அதன் நெடிய அலகின் நுனி வளைந்து கொடுக்கும். சேற்றினுட் செலுத்திப் புழுவையும் பூச்சிக் குடம்பிகளையும் பிடித்து உண்ணும். நெல்லுக்கு அதனால் தீங்கில்லை. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துரைமார் உள்ளான் சுடுவதை ஒரு விளையாட்டாகக் கொண்டிருந்தனர். பயிருக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. வயிறு வெண்மையாக இராது முழுதும் குறுக்குவரியுடன், அகன்ற சிறகால் மெதுவாகப் பறக்கும் கரிய உள்ளானைக் கண்டால் அது இமயத்திலிருந்து வரும் மிக அரிய காட்டு உள்ளானாக இருக்கலாம்.

தீங்கு செய்யும் பறவைகளும் உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. வலப்பனை, கொத்மலைப் பள்ளத்தாக்குகளின் நெல்வயல்களில் இரவில் இறங்கும் சீழ்க்கைத் தாரா, முளைகட்டி விதைத்த நெல்லைத் தின்னும். தேங்கிய நீரிலேயே அது இறங்க விரும்புமாதலால், விதைத்த வயலின் நீரை நன்கு வடித்துவிடுதல் பயன் தரும். நாற்று நடப்பட்ட வயலில் இழப்புக் குறைவு. நீலத் தாழைக்கோழி நெற்றண்டைக் கடித்து முறிக்கும். அது மறைந்திருக்கும் புதரை வயலோரத்தில் மட்டும் வெட்டினாற் போதும். நஞ்சு கலந்த தானியத்தை வைப்பது முற்றிலும் தவறு: தீங்கு செய்தது, செய்யாதது, ஒருமுறையே வந்த விருந்தாளி என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது, வீட்டுக்கோழியும் அதனால் மடியும். 1937ஆம் ஆண்டின் விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காட்டுப்பறவைகளிற் பெரும்பாலானவற்றைக் கொல்லுதல் குற்றமுமாகும்.

மருந்து தெளிக்கும் கருவியைக் குளத்திலோ ஓடையிலோ கழுவுதல் கூடாது. நீர்ப்பூச்சியும் மீனும் அழிந்த குளத்தில் முக்குளிப்பானும் தங்காது.

ஐயத்திற்குரிய பறவையைக் கண்டவர் திகதி, நேரம், இடம், எத்தனை பறவைகள், அலகு, சிறகு, வால், குரல், மூழ்கிற்றா பறந்ததா என்பவற்றை அன்றே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து எழுதும் குறிப்பில் ஆசையும் கலந்துவிடும். ஆசிய நாடுகளில் 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. இத்தகைய குறிப்புகள் அதில் ஈடுபடுவோருக்கும் உதவும்.

கரையில் நீர்ப்பறவைகள் இறந்து கிடப்பின் வெறுங்கையால் தொடலாகாது. சமைக்கவோ, கோழிக்கூட்டருகே கொண்டுவரவோ கூடாது. நஞ்சோ பறவைக் காய்ச்சலோ காரணமாயிருக்கலாம். அவற்றைக் கிடந்த இடத்திலேயே விட்டு, நாயும் கோழியும் அணுகாமற் காத்து, அண்மையிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்திற்கு அன்றைய தினமே அறிவித்தல் வேண்டும்.